மலையக இலக்கியத்தில் குழந்தை உள்ளம்: ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழிலக்கியப் பரப்பில் மலையக இலக்கியம் தனக்கெனத் தனித்ததோர் இடத்தைத் தேடிக்கொண்டுவிட்டது என்பது இன்று எவரும் மறுக்காத உண்மையாகும். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்பன தேயிலையின் ஊர்ப்பெயர்களாக மட்டும் வழங்கிய காலம் மாறி, சிறுகதையும் நாவலும் கவிதையும் பிறக்கும் களங்களாக அறியப்படலாயின. கூலி உயர்வு, குடியுரிமை, லயத்து வாழ்வு, கங்காணிமாரின் கெடுபிடி, கப்பலேறியோரின் கண்ணீர் எனப் பெரியோர் உலகின் துயரங்கள் பலவும் இவ்விலக்கியத்திற் பதிவாகியுள்ளன. ஆயின், அதே லயத்தில், அதே காம்பராவில், அதே இருளில் வளர்ந்த குழந்தையின் உள்ளம் இவ்விலக்கியத்தில் எந்த அளவிற்கு இடம்பெற்றுள்ளது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்பி விடைகாண முயல்வது பயனுடையதாகும்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வினா வியப்பளிக்கலாம். மலையகக் கதைகளிற் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. பாலின்றி அழும் சிசு, குளிரில் நடுங்கும் சிறுவன், படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்துக்கூடை சுமக்கும் சிறுமி, கொழும்பு வீடொன்றிற்கு வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளை எனப் பலர் அவற்றில் வந்து போகின்றனர். இவர்கள் துன்புறுகின்றனர் என்பது வாசகனுக்குத் தெரிகிறது. அத்துன்பத்தை அவர்கள் உள்ளுக்குள் எவ்வாறு அனுபவிக்கின்றனர் என்பது தெரிவதில்லை. பசியும் கண்ணீரும் சித்திரிக்கப்படுகின்றன; பயமும், அழுது ஓய்ந்தபின் வரும் நெடிய மௌனமும் சித்திரிக்கப்படுவது அரிதாகவே உள்ளது. சுருங்கக் கூறின், பெருந்தோட்ட அமைப்பின்மீது தொடரப்பட்ட வழக்கில் மலையக எழுத்தாளர் குழந்தையைச் சாட்சியாக அழைத்தனர். அச்சாட்சியின் மனநிலை யாதென அவர்கள் பெரும்பாலும் வினவவில்லை.

இதனைக் கலைக்குறை என்று மட்டும் கொண்டு அமைந்துவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனுமொரு மனநலக் கோளாற்றுடன் வாழ்கின்றார். வளர்ந்தோரிடம் காணப்படும் மனநலக் கோளாறுகளிற் பாதியளவு 14 வயதிற்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன என்றும், அவற்றிற் பெரும்பாலானவை இனங்காணப்படாமலும் சிகிச்சை பெறாமலும் விடப்படுகின்றன என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. மனச்சோர்வு, பதற்றம், நடத்தைக் கோளாறு, கவனத்தை நிலைநிறுத்த இயலாமை, ஓட்டிசம் என மருத்துவ நூல்கள் இவற்றை வகுத்துரைக்கும். லயத்திலோ இவை வேறு பெயர்களில் நடமாடுகின்றன. மக்குப்பிள்ளை, முரட்டுப்பிள்ளை, சோம்பேறி, பயந்தாங்கொள்ளி என்பனவே அங்கு வழங்கும் பெயர்கள். பத்து வயதிலும் படுக்கையை நனைக்கும் பிள்ளை அடி வாங்குகிறான். வகுப்பறையில் வாய்திறவாத சிறுமி அடக்கமானவள் எனப் பாராட்டுப் பெறுகிறாள். பெயர் பிழைபட இடப்படும் இடத்திற் பரிகாரமும் பிழைபடவே அமையும். சரியான பெயரைத் தேடுவது மொழியின் பணி. அம்மொழியைக் கூர்மைப்படுத்துவது இலக்கியத்தின் பணி. ஆகவேதான் மருத்துவத்துறைக்கு உரியதெனக் கருதப்படும் இவ்விடயம் இலக்கியத் திறனாய்வுக்கும் உரியதாகின்றது.

தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ப் புனைகதைக்குள் வலுவுடன் கொணர்ந்த தொடக்ககால ஆக்கங்களுள் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ குறிப்பிடத்தக்கது. 1935ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்த அந்நெடுங்கதை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டமொன்றிற்குச் செல்லும் மருதி என்னும் பெண்ணின் வாழ்வைப் பின்தொடர்கின்றது. அவளுடைய மகள் வெள்ளைச்சியும் அத்தோட்டத்து மண்ணிலேயே வளர்கின்றாள். தாயைச் சிதைத்த சூழலிலேயே வளரும் ஒரு பெண்குழந்தையின் உள்ளத்தில் என்ன நிகழும் என்பது அக்கதை எழுப்பத்தக்க மிகப் பெரிய வினாவாகும். ஆயின் ஆசிரியரின் கவனம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சுரண்டலின் சுழற்சியைக் காட்டுவதிலேயே பெரிதும் செல்கின்றது. வெள்ளைச்சி அச்சுழற்சியின் அடுத்த கண்ணியாகவே முக்கியத்துவம் பெறுகின்றாள். பின்வந்த மலையகக் கதைகள் பலவற்றிற் குழந்தை பெற்ற இடமும் இதுவே.

சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தோட்ட மக்களின் வாழ்வை உள்ளிருந்து கண்டவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் பெயரில் தமிழாக்கினார். ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றுத் துயரைப் பாடும் அக்கவிதையில், தனியொரு குழந்தையின் முகம் துலங்குவதற்கு இடமில்லை. அதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது. கூட்டுக்குரலாக ஒலிக்கும் கவிதையின் இயல்பு அது. எனினும், அக்கூட்டுக்குரலே மலையக எழுத்தின் பொதுக்குரலாக நிலைபெற்றபோது, தனிமனித உள்ளத்தை நோக்கும் முயற்சிகள் பின்தள்ளப்பட்டமையையும் குறிப்பிடாதிருக்க முடியாது.

1960களில் இலங்கையில் முற்போக்கு இலக்கிய இயக்கம் வேரூன்றியது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய திறனாய்வாளர் சமுதாய யதார்த்தத்தை இலக்கியத்தின் உரைகல்லாக வகுத்தனர். அதே காலப்பகுதியில் வீரகேசரியின் துணையுடன் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகள் பல இளைஞரை எழுதத் தூண்டின; பரிசுபெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்னும் தொகுதியாக வெளிவந்தன. இவ்வெழுச்சி இன்றியமையாததாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு சமூகம், தான் இருப்பதையே முதலில் நிறுவவேண்டியிருந்தது. வீடு எரியும்போது மூலையிற் கிடக்கும் குழந்தையின் கனவைப் பற்றி ஆராய எவருக்கும் அவகாசம் இருப்பதில்லை.

ஆயினும், அக்காலத்திலேயே உள்ளத்தின் நுட்பத்தை நோக்கிச் சென்ற படைப்புகளும் தோன்றின. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ அவற்றுள் ஒன்று. கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண்ணின் உழைப்புத்திறனையும் தன்மானத்தையும் அக்கதை மையமாகக் கொண்டது. தொழிலாளிக்கு வயிறு இருப்பதுபோல் மனமும் உண்டு என்பதை முழக்கமின்றி அது நிறுவியது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. ஒற்றைக் காம்பராவிற் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒருங்கே உறங்க நேர்வதால் ஒரு தந்தை அடையும் கூச்சத்தையும் அவமானத்தையும் அக்கதை துணிவுடன் கூறுகின்றது. லயத்தின் நெருக்கடி சுவர்களோடு முடியாமல் மனிதரின் நெஞ்சிற்குள்ளும் புகுந்துவிடுகின்றது என்பதை அதைக்காட்டிலும் செறிவாகக் கூறிய கதைகள் மிகச் சிலவே.

இவ்விரு கதைகளின் வெற்றியே அடுத்த வினாவிற்கு வழிவகுக்கின்றது. ‘மீன்கள்’ கதையின் கண் தந்தையின் கண்ணாகும். அதே காம்பராவில் விழித்திருக்கும் பிள்ளைக்கும் ஒரு கண் உண்டு. இருளிற் கேட்கும் பேச்சும் சண்டையும் அழுகையும் அதன் செவியிலும் விழுகின்றன. பொருள் புரியாத வயதில் அவை அச்சமாகத் தேங்கும். பொருள் புரியும் வயதில் வெட்கமாகவும் வெறுப்பாகவும் மாறும். பெரியவர் ஒருவரின் அவமானத்திற்குக் கலை கிடைத்துவிட்டது. அவருக்கு அருகிற் படுத்திருந்த பிள்ளையின் கலவரம் இன்னும் தனக்குரிய கலையைத் தேடிநிற்கின்றது.

குழந்தையின் உள்ளத்தை எழுதுவது தமிழுக்கு இயலாத செயல் என எவரும் கூறமுடியாது. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இதற்குத் தக்க சான்றாகும். அக்கதையிற் பட்டினியும் இல்லை, அடியும் இல்லை. பிள்ளைகளிடம் அன்பு மிக்க ஒரு பெரியவர்தான் இருக்கின்றார். ஆயினும் சாரங்கன் என்னும் சிறுவன் தான் எதிர்பார்த்த பரிசைப் பெறாமற் காயமுறுகின்றான். அக்காயத்தை அவன் சொல்லிக் காட்டுவதில்லை. அவன் செய்யும் ஒரு சிறு செயல் காட்டிவிடுகின்றது. நல்லெண்ணமுடைய பெரியோரும் குழந்தையின் துன்பத்தைக் காணத் தவறுவர் என்னும் உண்மை அங்குப் புலப்படுகின்றது. மலையகக் கதைகளிற் குழந்தைக்குத் துன்பம் விளைப்பவர் பெரும்பாலும் துரையாகவோ கணக்கப்பிள்ளையாகவோ குடிகாரத் தந்தையாகவோ இருப்பர். அன்புள்ளோரின் கவனமின்மையால் வாடும் குழந்தையை அவற்றிற் காண்பது அரிது.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று அரசியற் சூழல் என்பது மேலே கூறப்பட்டது. மற்றொன்று மரபின் பாரம். தமிழிற் குழந்தையைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை உண்டு. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாக வளரும் அக்குழந்தை தெய்வமாகவோ அரசனாகவோ இருக்கும். அதனைக் கொஞ்சுவர், அழைப்பர், நிலவை அதனோடு விளையாட வருமாறு வேண்டுவர். பேசுபவர் எப்போதும் தாயின் நிலையில் நிற்கும் புலவரே. குழந்தை பேசப்படும் பொருளாக இருக்கின்றது. பேசும் உயிராக அமைவதில்லை. முற்போக்கு இலக்கியம் அரசகுமாரனை இறக்கிவிட்டு ஏழைப்பிள்ளையைத் தொட்டிலில் ஏற்றியது. ஆயின் பேசுபவர் மாறவில்லை. கொஞ்சும் குரலின் இடத்தில் இரங்கும் குரல் வந்து அமர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். பசியாற் சாகும் பிள்ளைக்கு உளவியல் எதற்கு, கூலி உயர்ந்தால் யாவும் தீருமன்றோ என்பதே அம்மறுப்பு. இதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் 17 சதவீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 32 சதவீதமளவில் இருந்தனர். போசாக்கின்மை உடலை மட்டுமன்றி மூளையின் வளர்ச்சியையும் கற்கும் ஆற்றலையும் பாதிக்கும் என்பது மருத்துவர் ஒப்பிய உண்மை. ஆகவே கூலியும் உணவும் மனநலத்தின் முதற் படிகளே. ஆனால் முதற்படியே முழு ஏணியாகிவிடாது. வயிறு நிரம்பிய வீட்டிலும் தாயைப் பிரிந்த பிள்ளை ஏங்குகின்றது. இரண்டு காம்பரா உள்ள புதிய வீட்டிலும் அடி வாங்கும் பிள்ளை நடுங்குகின்றது. கூலி உயரும்வரை குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நாட்கூலி 1,000 ரூபாயாக வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்து, 2021இல் அது நடைமுறைக்கு வருமுன்னர், அக்கோரிக்கையின்போது பாடசாலையிற் சேர்ந்த பிள்ளைகள் பலர் வளர்ந்து பதின்ம வயதை எட்டிவிட்டனர்.

தோட்டத்துக் குழந்தையின் ஒருநாளை நோக்கினால் எழுத்தாளனுக்குரிய பொருள் எத்துணை விரிந்தது என்பது புலனாகும். விடியுமுன் தாய் எழுந்து, இருப்பதைச் சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்குச் செல்கிறாள். அந்த ஒப்படைப்பு ஒவ்வொரு காலையிலும் நிகழும் ஒரு சிறு பிரிவு. மடுவத்தின் வாசலில் அழுகை எப்போது நின்றது, ஏன் நின்றது என்பதை அறிவிக்கும் பதிவேடு எதுவும் இல்லை. பழகிவிட்டதனால் நின்றதா, அழுது பயனில்லை என்று அறிந்ததனால் நின்றதா? இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு வாழ்நாளின் வேறுபாடாகலாம்.

தாய்ப்பிரிவு குழந்தை உள்ளத்தைத் தாக்கும் முறையை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் ஜோன் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்திற்காக 1951இல் அளித்த அறிக்கையில் இளமைக்கால அன்புறவின் இன்றியமையாமையை வலியுறுத்தினார். மைக்கேல் ரட்டர் 1972இல் அக்கருத்தை மீளாய்வு செய்து, பிரிவு ஒன்றே தீங்கு விளைப்பதில்லை என்றும், பிரிவுக்கு முன்னும் பின்னும் குழந்தைக்கு வாய்க்கும் உறவுகளின் தன்மையே பெரிதும் விளைவைத் தீர்மானிக்கும் என்றும் விளக்கினார். லயத்தில் அம்மாயி, அப்பாயி, அக்கா, அயற்காம்பராப் பெண் எனப் பலர் குழந்தையைத் தாங்குகின்றனர். அதனாற் பல பிள்ளைகள் உறுதியுடன் வளர்கின்றனர். தாங்குவோர் இல்லாதபோது, அல்லது பத்து வயது அக்காவே தாயின் சுமையை ஏற்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதே கதைக்குரிய வினா.

மலையக வரலாறு பிரிவுகளின் வரலாறுமாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறியோரின் பிரிவு பற்றிப் பலர் எழுதினர். அக்கதைகளிற் பிரிபவர் அண்ணனும் தம்பியும், தாயும் மகனும், காதலரும் ஆவர். நேற்றுவரை தன்னோடு விளையாடிய தோழன் இன்று காலை ஏன் வரவில்லை என்று தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தம் என்பது யாது? நாடுகளின் பெயரை அறியாத உள்ளம் அப்பிரிவைத் தன் குற்றமாகக் கருதியிருக்கவுங்கூடும். குழந்தைகள் தமக்கு விளங்காத இழப்புகளுக்குத் தம்மையே பொறுப்பாக்கிக்கொள்வர் என்பது உளநூலார் பலரும் கூறும் செய்தி.

பின்னாளில் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகத் தாய்மார் செல்லத் தொடங்கினர். இப்பிரிவின் விளைவு பற்றிய கவலை அரசையும் எட்டியது. 2013இல் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மாரின் வெளிநாட்டுப் பயணத்தை மட்டுப்படுத்தும் விதிகள் கொண்டுவரப்பட்டன. தாய் செல்வதைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவள் சென்றபின் வீட்டிலிருக்கும் பிள்ளையின் மனத்தைப் பேண ஏற்பாடு போதவில்லை. மறுபுறம், பிள்ளைகளே வீட்டைவிட்டு அனுப்பப்படும் வழக்கமும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2016இற் கட்டாயக்கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021 தொடக்கத்தில் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 16 ஆக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் வீட்டுவேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த டயகமச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிரிழந்தபோது நாடு அதிர்ந்தது. கண்டனக் கவிதைகள் எழுதப்பட்டன. இறந்த சிறுமிக்காக எழுதுவது அறம். தொலைபேசியில் வீட்டாரிடம் “நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடும் உயிருள்ள சிறுமியரின் மனத்தை முன்கூட்டியே எழுதுவது அதனினும் அரிய அறமாகும்.

நுவரெலியாவிற்கு அயலிலுள்ள பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை நிகழ்ந்த மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அவ்வேளை பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர்தப்பினர். அவர்கள் திரும்பிவந்தபோது வீடும் இல்லை. சிலருக்குப் பெற்றாரும் இல்லை. உடையும் உணவும் புத்தகமும் நாடெங்குமிருந்து வந்து குவிந்தன. மழை பெய்யும் இரவுகளில் அப்பிள்ளைகள் எவ்வாறு உறங்குவர் என்பது நிவாரணப் பட்டியலில் அடங்காத செய்தி. அத்தகைய செய்திகளுக்கு இலக்கியமே பட்டியல்.

எழுத்திலக்கியம் காணத் தவறிய இதனை வாய்மொழி மரபு ஓரளவு கண்டிருந்தது என்பது வியப்பிற்குரியது. லயங்களில் இரவில் அலறி எழும் பிள்ளையைப் பயந்திருக்கிறது என்பர். பாட்டி வேப்பிலையால் வீசுவாள், திருநீறு இடுவாள், கயிறு மந்திரித்துக் கட்டுவாள், முற்றியபோது கோடாங்கியிடம் கொண்டுசெல்வர். பகுத்தறிவு நோக்குடைய மலையகக் கதைகள் இவற்றை மூடநம்பிக்கை என எள்ளின. அவ்வெள்ளலுக்கு நியாயம் உண்டு. வலிப்பு நோயுள்ள பிள்ளையைக் கோடாங்கியிடம் இருத்திவைத்து மருத்துவத்தைத் தாமதித்தால் உயிருக்கே கேடு நேரும். ஆயினும், அச்சடங்கினுள் ஒரு மெய்யறிவு உறைந்திருந்தது. குழந்தை பயப்படும் என்பதையும், எங்கே எதைக்கண்டு பயந்தது என்று கேட்கவேண்டும் என்பதையும், வீட்டார் கூடியிருந்து அப்பயத்திற்கு ஒருநாள் ஒதுக்கவேண்டும் என்பதையும் அது ஏற்றிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பைத் தந்தது போல, பாட்டிமார் குழந்தையின் பயத்தைப் பற்றிப் பேசும் சொற்களையும் எவரேனும் தொகுப்பாராயின், எழுத்தாளர்க்கும் மருத்துவர்க்கும் ஒருங்கே பயன்படும் அகராதி ஒன்று உருவாகும்.

நிறுவனங்களின் நிலையும் இலக்கியத்தின் நிலையை ஒத்ததே. இலங்கையில் மனநோய் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டிற்குரியது. நோயாளியை அடைத்துவைப்பதே அதன் முதன்மை நோக்கு. நூறாண்டுக்கு மேலாக அதுவே நின்று நிலவியது. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, தலைநகரைச் சார்ந்த பெருமருத்துவமனைகளிற் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்ப முனைந்தது. முன்னேற்றம் ஏற்பட்டது உண்மை. ஆயின் குழந்தைகளுக்கான உளமருத்துவர் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களிலேயே பெரிதும் உள்ளனர். பொகவந்தலாவையிலிருந்து பிள்ளையைக் கண்டிக்கு அழைத்துச் செல்வதாயின் ஒருநாட் பேர் போய்விடும். பஸ் செலவு வேறு. அங்குச் சென்றபின் தமிழிற் கேட்டறிவார் கிடைப்பாரா என்னும் ஐயமும் உண்டு. பிள்ளையின் மனத்துயரை மொழிபெயர்ப்பாளர் வழியே கூறநேரும் தாய், கூறவந்ததிற் பாதியை விழுங்கிவிடுவாள்.

வல்லுநர் குறைந்த நாடுகள் இதற்கு வழி காணாமலில்லை. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006 முதல், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலைய முற்றத்து வாங்கிலமர்ந்து துன்புற்றோரின் பேச்சைக் கேட்கும் முறை வளர்ந்தது; அது பயன்தருவதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அது வளர்ந்தோருக்கான முறையேயெனினும், அதன் அடிப்படை மலையகத்திற்கும் பொருந்தும். பிள்ளைமடுவத்து ஆயா, குடும்பநல மாது, பத்தனை ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரியிற் பயிலும் இளம் ஆசிரியர் ஆகியோர் குழந்தையை அன்றாடம் காண்பவர்கள். எடையையும் வரவையும் குறிப்பதோடு, பேசாதிருக்கும் பிள்ளையையும் விளையாடாதிருக்கும் பிள்ளையையும் குறித்துக்கொள்ள அவர்கள் பழகுவாராயின் பாதித்தடை நீங்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பிற்கான 1929 என்னும் தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. ஆயின் ஓர் இலக்கத்தை அழைப்பதற்குமுன், தன் பிள்ளைக்கு நேர்ந்திருப்பது சொல்லத்தக்க துன்பம் என்று ஒரு தாய் அறிந்திருக்கவேண்டும். அவ்வறிவை ஊட்டவல்லது நல்ல கதை.

எழுத முற்படுவோர் மறுகோடிக்குச் செல்லாதிருத்தலும் வேண்டும். மருத்துவச் சொற்களைக் கற்றுக்கொண்டு, கதையின் இறுதியில் வைத்தியர் ஒருவரை வரவழைத்து நோயின் பெயரைச் சொல்லவைப்பது கலையாகாது. அது சுகாதாரத் துண்டுப்பிரசுரம். வறுமையின் விளைவுகளை எல்லாம் நோயெனக் குறித்துவிட்டால் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பும் அரசின் பொறுப்பும் மறைக்கப்பட்டுவிடும். ஒழுகும் கூரையின் கீழ் உறங்கமுடியாத பிள்ளைக்குத் தேவைப்படுவது கூரை. கூரை செப்பனிடப்பட்ட பின்னரும் உறங்கமுடியாத பிள்ளைக்குத் தேவைப்படுவது வேறு. இவ்விரு பிள்ளைகளையும் வேறுபடுத்திக் காணும் கண் மருத்துவனுக்கும் வேண்டும், எழுத்தாளனுக்கும் வேண்டும்.

அக்கண்ணைப் பெறுவதற்கு எழுத்தாளன் குழந்தையின் உயரத்திற்குக் குனியவேண்டும். குழந்தையின் காலம் பெரியோரின் காலத்தைப் போன்றதன்று; தாய் மலையிலிருந்து இறங்கும்வரையுள்ள ஒரு பகல் அதற்கு ஒரு யுகம். குழந்தையின் மொழி பெரும்பாலும் சொற்களால் ஆனதன்று. வயிற்றுவலி, நகம் கடித்தல், பாடசாலைக்குச் செல்ல மறுத்தல், பொம்மையை உடைத்தல் என்பனவே அதன் வாக்கியங்கள். அவ்வாக்கியங்களைப் பெரியோரின் கொள்கை மொழிக்கு மாற்றிவிடாமல் அவ்வண்ணமே எழுதுவதுதான் யதார்த்தவாதத்தின் முழுமை. அவ்வாறு எழுதுவது முற்போக்கு மரபைக் கைவிடுவதாகாது. சமுதாயம் மனிதனைச் சிதைக்கின்றது என்று கூறிய மரபு, அச்சிதைவு எந்த வயதில், எந்த இடத்தில், எவ்வண்ணம் தொடங்குகின்றது என்பதையும் காட்டினால்தான் தன் கூற்றை முற்ற நிறுவியதாகும்.

மலையக இலக்கியம் ஒரு மக்கட் கூட்டத்திற்கு முகவரியைத் தேடித்தந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெரிதும் தீர்த்து வைத்ததோடு அதன் நெடிய வழக்குகளுள் ஒன்று முடிவுற்றது. கூலி, காணி, வீடு பற்றிய வழக்குகள் இன்னும் தொடர்கின்றன, அவை தொடரவேண்டியவையே. அவ்வழக்குகளுக்காகச் சாட்சிக்கூண்டில் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்ட குழந்தையை இனியேனும் கீழே இறக்கி, அருகில் அமர்த்தி, அது பேசும்வரை பொறுத்திருந்து கேட்பது அடுத்த தலைமுறை எழுத்தாளரின் கடனாகும்.